விலங்குகளில் சோதிக்காமல் நஞ்சைக் கணிக்க முடியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "நான் வாங்கிய தலைச்சாயப் பெட்டியில் 'விலங்குகளில் சோதிக்கப்படவில்லை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அது ஆபத்தில்லாதது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? தட்டில் வளர்க்கும் செல்களை வைத்து மனித உடலில் என்ன நடக்கும் என்று சொல்லிவிட முடியுமா? அதை நம்பலாமா?"

பல விஷயங்களில் சொல்ல முடியும். ஆனால் 'இது நஞ்சா?' என்று மொத்தமாகக் கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் பதில் சொல்ல முடியாது. டி.என்.ஏ.வைக் கெடுக்குமா, தோலை எரிக்குமா, ஒவ்வாமையைத் தூண்டுமா, இதயத் துடிப்பைக் குலைக்குமா, கருவைப் பாதிக்குமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தனிச் சோதனை உண்டு. சிலவற்றில் இன்றைய செல் சோதனைகள் எலியையும் முயலையும்விட நன்றாகவே கணிக்கின்றன. சிலவற்றில் இன்னும் திணறுகின்றன. 'பாதிப்பு எதுவும் தென்படவில்லை' என்ற முடிவு கையில் வந்தவுடன், இந்தச் சோதனையின் கண்ணுக்கு எது தெரியாது என்று கேட்பதுதான் நச்சியலாளரின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் எல்லாக் கதைகளிலும் அந்தக் கேள்வியைத்தான் காண்பீர்கள்.

விலங்குச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும், மற்றவை மாற்று ஏற்பாடுகள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது சரியல்ல. 1927-இல் பிரிட்டனில் ஜே.டபிள்யூ. டிரெவன் 'எல்.டி.50' என்ற அளவைக் கொண்டுவந்தார். சோதிக்கும் விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு அது. டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்து, இன்சுலின் போன்று ஒவ்வொரு தயாரிப்பிலும் வீரியம் மாறிக்கொண்டிருந்த மருந்துகளைச் சீராக அளக்கத்தான் அவர் அதை வகுத்தார். பின்னாளில் பூச்சிக்கொல்லி முதல் சாயம் வரை எல்லாவற்றின் மீதும் அந்த எண்ணை ஒட்டினார்கள். எத்தனை மில்லிகிராமில் சாகும் என்று அது சொல்லும். எதனால் சாகும் என்று சொல்லாது, சாகாமல் என்ன கெடும் என்றும் சொல்லாது. 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ், முயலின் கண்ணில் பொருளை இட்டுச் சிவப்பு, வீக்கம், கருவிழி மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார். ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு மதிப்பெண் போட்டதும் அந்த முறையின் வரலாற்றில் உண்டு.

எல்லாவற்றையும்விடக் கசப்பான பாடம் தாலிடோமைடு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தும் சாகவில்லை என்பதே அதன் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே சந்தையிலிருந்து எடுக்கப்படுவதற்குள், பல நாடுகளில் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்துவிட்டன. 10,000-க்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பிறகு கருவுற்ற சுண்டெலிகளிலும் எலிகளிலும் சோதித்தபோதுகூட அந்தக் கைகால் குறைபாடு தோன்றவில்லை. சில முயல் இனங்களில்தான் தோன்றியது. காரணம் 2010-க்குப் பிறகே தெளிவானது. இந்த மருந்து செரிப்ளான் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, கருவின் கைகால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 என்ற இன்னொரு புரதத்தைச் சிதைக்க வைக்கிறது. இந்த இரண்டு புரதங்களிலும் மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இடையே சிறிய அமினோ அமில வேறுபாடுகள் உண்டு. அந்தச் சிறு வேறுபாடு சுண்டெலிக் குட்டிகளைக் காத்தது, மனிதக் குழந்தைகளுக்கு வரவிருந்த ஆபத்தை மறைத்தது.

இனி உங்கள் தலைச்சாயத்துக்கு வருகிறேன். அதற்கு ஏம்ஸ் சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய முறை இது. இன்றும் உலகெங்கும் ஒரு புதிய வேதிப்பொருளுக்கு முதலில் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாதபடி மரபணு பழுதான சால்மொனெல்லா பாக்டீரியாவை எடுத்துக்கொள்கிறோம். அதன் வெளிச்சுவர் பொருளை எளிதில் உள்ளே விடும்படி பலவீனமாக்கப்பட்டிருக்கும். டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்றும் நீக்கப்பட்டிருக்கும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது வளராது. சோதிக்கும் பொருள் டி.என்.ஏ.வை மாற்றினால், கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் சிலவற்றில் அந்தப் பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். சரியான ஒவ்வொன்றும் பெருகி, கண்ணால் எண்ணக்கூடிய ஒரு வெண்புள்ளியாகத் தட்டில் தெரியும்.

செய்யும்போது எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். 45 டிகிரியில் உருகிய நிலையில் வைத்திருக்கும் 2 மில்லி அகார் கூழில் பாக்டீரியாவும் சோதிக்கும் பொருளும் சேர்த்துக் கலக்கி, அது உறைவதற்குள் தட்டில் ஊற்றிச் சமமாகப் பரப்ப வேண்டும். 37 டிகிரியில் 48 மணி நேரமாவது வைக்க வேண்டும். பொருள் சேர்க்காத தட்டிலும் டி.ஏ.100 என்ற சால்மொனெல்லா வகையில் நூறு சொச்சம் புள்ளிகள் தாமாகவே முளைக்கும். அந்த எண்ணிக்கை, பொருளின் அளவு கூடக்கூட ஏறி இரு மடங்கைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். அகாரில் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு ஹிஸ்டிடினால் பாக்டீரியா சில தலைமுறை பெருகி, புள்ளிகளுக்குப் பின்னால் மெல்லிய மங்கலான படலம் ஒன்று விரிந்திருக்கும். அந்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் எண்ணிக்கையை நம்பக்கூடாது. பொருள் பாக்டீரியாவைக் கொன்றிருந்தால் படலம் மெலிந்து, பிழைத்த சில பாக்டீரியாக்கள் மீதி ஹிஸ்டிடினைத் தின்று குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரியும். பழகாத கண்ணுக்கு அவையும் மரபு மாறியவை போலவே இருக்கும். பயிற்சிக்கு வருபவர்களிடம் முதலில் படலத்தைப் பாருங்கள், புள்ளியைப் பிறகு எண்ணுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது என்பதும் முக்கியம். புகையிலும் கரிந்த இறைச்சியிலும் உள்ள பென்சோபைரீன் தன்னளவில் டி.என்.ஏ.வை ஒன்றும் செய்யாது. நம் கல்லீரல் நொதிகள் அதை வெளியேற்றுவதற்காக மாற்றும்போதுதான் அது டி.என்.ஏ.வைத் தாக்கும் வடிவம் பெறுகிறது. ஆகவே எலியின் கல்லீரலை அரைத்து, சுழற்றிப் பிரித்தெடுத்த 'எஸ்9' என்ற நொதிக் கலவையையும் சேர்த்து ஒரு தொகுதி, சேர்க்காமல் ஒரு தொகுதி என இரண்டு விதமாகவும் செய்கிறோம். விலங்கைப் பயன்படுத்தாத சோதனை என்று பட்டியலிடப்படும் ஒன்றில் எலியின் கல்லீரல் இருக்கிறது என்பதை வாசகர்களிடம் மறைக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

1975-இல் ஏம்ஸும் அவருடைய சகாக்களும் கடையில் விற்ற, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து பூசும் வகைத் தலைச்சாயங்கள் 169-ஐச் சோதித்தார்கள். 150 சாயங்கள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை மாற்றின. கோடிக்கணக்கானோர் பல ஆண்டுகளாகத் தலையில் பூசிவந்த பொருட்கள் அவை. சில சேர்மங்கள் அதன் பிறகு தயாரிப்புகளிலிருந்து நீக்கப்பட்டன. 1977-இல் அர்லீன் புளும் என்பவருடன் சேர்ந்து, குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்ட 'டிரிஸ்' என்ற பொருளையும் ஏம்ஸ் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அமெரிக்கா குழந்தைகள் உடையில் அதைத் தடை செய்தது. எலிகளில் புற்றுநோய்ச் சோதனை முடிய இரண்டு ஆண்டுகள் ஆகும். தட்டு இரண்டு நாளில் எச்சரித்தது.

ஆனால் அதன் எல்லையும் தெளிவானது. கல்நார், டையாக்சின் போன்றவை டி.என்.ஏ.வை நேரடியாக மாற்றாமல் வேறு வழியில் புற்றுநோயை உண்டாக்குகின்றன. ஏம்ஸ் தட்டில் அவை சாதுவாகத் தெரியும். மறுபுறம் சோடியம் அசைடு பாக்டீரியாவில் பலமான மாற்றம் செய்யும், ஆனால் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கவில்லை. ஆகவே தட்டில் மாற்றம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மனித ரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம் உடைகிறதா என்ற அடுத்த சோதனைக்குப் போகிறோம்.

தலைச்சாயத்தால் நம் ஊரில் அதிகம் காணும் தொல்லை ஒவ்வாமை. நெற்றி, காதோரம், இமை வீங்கித் தோல் மருத்துவரிடம் வருபவர்களில் பலருக்குக் காரணம் பாரா-ஃபினிலீன்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. 'கறுப்பு மருதாணி' என்று விற்பவற்றிலும் இது கலந்திருப்பதுண்டு. விலங்கில்லாச் சோதனைகள் மிகத் தெளிவாக வென்ற இடம் இந்த ஒவ்வாமைதான். உடலில் அது எப்படி நடக்கிறது என்பது படிப்படியாகத் தெரிந்துவிட்டதே அதற்குக் காரணம்.

பி.பி.டி. மிகச் சிறிய மூலக்கூறு. நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்ளாது. காற்றிலோ பெராக்சைடிலோ ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலின் புரதங்களோடு பிணைந்த பிறகுதான் அது அந்நியமாகத் தெரியும். அப்போது தோலின் மேற்செல்கள் ஆபத்துச் சமிக்ஞை எழுப்பும். தோலில் காவல் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் விழித்து நிணநீர் முடிச்சுக்குச் செய்தி கொண்டுபோகும். அங்கே டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் பெருகும். பெருகியபின் அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். 2012-இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு இந்தச் சங்கிலியை நான்கு கண்ணிகளாக வகுத்து வெளியிட்டது. முதல் மூன்று கண்ணிகளுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. சிஸ்டீன், லைசின் கொண்ட சிறு புரதத் துண்டுகளோடு பொருளை 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு துண்டு பிணைந்து காணாமல் போனது என்று அளப்பது முதலாவது. இதில் செல்லே கிடையாது, வெறும் வேதியியல். ஆபத்துச் சமிக்ஞை எழும்போது மின்மினியின் ஒளிநொதியைச் சுரக்கும்படி மாற்றிய தோல் செல்களின் ஒளியை அளப்பது இரண்டாவது. டென்ட்ரைட்டிக் செல்லுக்குப் பதிலாக நிற்கும் ஒரு மனித ரத்தச் செல் வகையின் மேற்பரப்பில் சி.டி.86, சி.டி.54 என்ற அடையாளங்கள் கூடுகின்றனவா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. 2021-இல் இந்தக் கூட்டு முறை ஓ.இ.சி.டி. வழிகாட்டியாகவே ஏற்கப்பட்டது. மனிதர்களிடம் கிடைத்திருந்த பழைய தரவுகளோடு ஒப்பிட்டபோது, சுண்டெலிச் சோதனையைவிட இந்தக் கூட்டு முறை அதிகம் பொருந்தியது.

'பி.பி.டி. ஒவ்வாமை தரும் என்று தெரிந்தும் ஏன் விற்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் திறன் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை. எவ்வளவு வரை, யாருக்கு, எந்த எச்சரிக்கையோடு அனுமதிப்பது என்பது சட்டத்தின் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் 2 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு சிறிதளவு தோலில் தடவிப் பார்க்கும்படி பெட்டியில் உள்ள தாள் சொல்கிறது. தயவுசெய்து அதைச் செய்யுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வீங்கியிருந்தால் சோதித்துக்கூடப் பார்க்காமல் அந்தச் சாயத்தை விட்டுவிடுங்கள். இதே பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் கழுத்து வீங்கி மூச்சு அடைபடும், தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் நன்கு அறியும். தோல் ஒவ்வாமைக்கான சோதனைகளிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

தோல் எரிச்சல், கண் எரிச்சல் ஆகியவை பெருமளவு தீர்க்கப்பட்ட கேள்விகள் என்பதால் விரைவாகச் சொல்கிறேன். அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட தோலிலிருந்து எடுத்த செல்களை அடுக்கடுக்காக வளர்த்து, விரல் நுனி அளவில் மனித மேல்தோல் தயாரிக்கிறார்கள். அதன் மேல் பொருளை வைத்துக் கழுவி, 42 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் கரைசலில் வைத்தால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தால் பொருள் எரிச்சலூட்டுவது என்று அர்த்தம். சில பொருட்கள் தாமே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும் என்பதால், செத்த தோலிலும் ஒருமுறை செய்து பார்த்து அதைக் கழிக்க வேண்டும். கடுமையான கண் பாதிப்புக்கு, இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாட்டின் கருவிழியில் பொருளை இட்டு, ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். ஆற்றில் கலக்கும் கழிவுகளுக்கு வரிக்குதிரை மீனின் முட்டைக் கருவை 96 மணி நேரம் கவனிக்கும் முறை 2013 முதல் இருக்கிறது.

கடினமான பகுதி இனிதான். 1993-இல் அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலுரிடின் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. விலங்குகளில் பெரிய தொல்லை தெரியவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐவர் இறந்தனர், இருவர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தனர். மருந்தை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோகும் கடத்திப் புரதம் மனிதனில் அதன் சவ்வில் இருக்கிறது, எலிகளில் அங்கே இல்லை. சாதாரண செல் சோதனையும் இதைப் பிடித்திருக்காது. தட்டில் வளரும் கல்லீரல் செல்கள் சில நாட்களிலேயே நொதிகளை இழந்து கல்லீரல் என்ற தன்மையையே இழந்துவிடும். வாரக்கணக்கில் நடக்கும் சேதத்தை அவற்றில் எப்படிப் பார்ப்பது?

அதற்காகத்தான் செல்களை நுண்ணிய வாய்க்கால்களில் வைத்து ரத்தம் போல ஊட்டத் திரவத்தை ஓட விடும் 'உறுப்புச் சில்லு'கள் வந்தன. ஹார்வர்டில் டொனால்ட் இங்பரின் குழு 2010-இல் நுரையீரல் சில்லை வெளியிட்டது. 2022-இல் 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்த ஓர் ஆய்வு, கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைக் கண்டுபிடித்ததாகவும், பாதுகாப்பான எதையும் தவறாகக் குற்றம் சொல்லவில்லை என்றும் தெரிவித்தது. சில்லைத் தயாரிக்கும் நிறுவனமே நடத்திய ஆய்வு அது. மற்ற ஆய்வகங்களில் அதே முடிவு திரும்ப வரும்போது என் நம்பிக்கை இன்னும் கூடும்.

செல் சோதனை தவறான விதத்தில் செய்யப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில் நடந்தது சாட்சி. டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரத வகை) மருந்து ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கின்றிக் கொடுத்ததில் 500-இல் ஒரு பங்குதான் அளவு. சில மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் நோயெதிர்ப்புப் புயல் மூண்டு உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. நல்லவேளையாக ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். மனித ரத்தச் செல்களில் அந்த ஆன்டிபாடி முன்னரே பார்க்கப்பட்டிருந்தது, ஆனால் திரவத்தில் கரைந்த நிலையில். பிறகு பிரிட்டனின் தர நிர்ணய ஆய்வகத்தில் அதே ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டில் உலரவைத்துப் படியச் செய்து, அதன் மேல் மனித வெள்ளணுக்களை இட்டபோது, நோயெதிர்ப்பைத் தூண்டும் சைட்டோகைன்கள் கொட்டின. செல்லும் மருந்தும் மாறவில்லை. மருந்து கரைந்திருந்ததா, படிந்திருந்ததா என்பது மட்டுமே மாறியது. இன்று இத்தகைய மருந்துகளுக்குப் படியவைத்த நிலையிலும் சோதனை செய்யப்படுகிறது.

செல்லில் வந்த எண்ணை மனிதனுக்கு மாற்றுவதும் தனிக் கலை. தட்டில் 10 மைக்ரோமோலாரில் செல் செத்தது என்றால், ஒருவர் எத்தனை மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் அந்த அளவு சேரும்? பொருளில் ஒரு பகுதி பிளாஸ்டிக் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், ஒரு பகுதி சீரத்தின் புரதங்களில் சிக்கும், சில ஆவியாகும். உடலுக்குள்ளே குடல் எவ்வளவு உறிஞ்சும், கல்லீரல் எவ்வளவு வேகத்தில் அழிக்கும் என்ற கணக்கும் வேண்டும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையை எண்ணிப் பாருங்கள். கல்லீரல் அதை உடனுக்குடன் ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடுவதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீட்டோகோனசோல் போன்ற மருந்தால் அந்த நொதி அடைபட்டவர்களுக்கு டெர்ஃபெனடின் அப்படியே ரத்தத்தில் ஏறி, இதயத்தின் பொட்டாசியம் வாயில் ஒன்றை அடைத்துத் துடிப்பைக் குலைத்தது. அமெரிக்காவில் 1998-இல் அது சந்தையை விட்டுப் போனது. ஃபெக்சோஃபெனடின் இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கிறது. அந்தப் பொட்டாசியம் வாயிலைச் செல்லில் வைத்து மின்னோட்டத்தை அளக்கும் சோதனையைத் தாண்டாமல் இப்போது புதிய மருந்து மூலக்கூறுகள் எளிதில் முன்னேற முடியாது.

மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்தே கணினி சொல்லும் கணிப்பும் ஒரு குறுகிய இடத்தில் சட்ட மதிப்புப் பெற்றிருக்கிறது. மருந்துகளில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் மாசுகள் டி.என்.ஏ.வைக் கெடுக்குமா என்பதற்கு, நிபுணர் விதிகளால் இயங்கும் ஒரு கணிப்பும் புள்ளியியலால் இயங்கும் ஒரு கணிப்பும் சேர்ந்து 'இல்லை' என்றால் ஏம்ஸ் சோதனையே தேவையில்லை என்று சர்வதேச வழிகாட்டி ஏற்கிறது. அதற்கு வெளியே, கணினி கொடுக்கும் எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கத்தான் என் மனம் சொல்கிறது.

பெட்டியில் உள்ள வாசகத்துக்கு இப்போது பொருள் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை முழுவதுமாகத் தடுத்தது. இந்தியா 2014-இல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. எனவே இங்கே அந்த வாசகம் சட்டம் ஏற்கெனவே கேட்பதைத்தான் சொல்கிறது. உள்ளே உள்ள பழைய மூலப்பொருட்களில் பல, முந்தைய காலங்களில் விலங்குகளில் சோதிக்கப்பட்டவையே. மருந்துகளில் நிலைமை மெதுவாக மாறுகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவும் 2023-இல் இந்தியாவும் விதிகளைத் திருத்தி, மனிதப் பரிசோதனைக்கு முன் விலங்கில்லாச் சோதனைத் தரவுகளையும் ஏற்க வழி செய்தன. நீண்ட காலம் சிறிது சிறிதாக உடலில் சேரும் பாதிப்பு, கருவின் வளர்ச்சி, மூளை வளர்ச்சி ஆகியவற்றுக்கு முழு மாற்று இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக, 'மனித உடல்' என்று நீங்கள் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. மனித உடல்களும் ஒரே மாதிரி இல்லை. விலங்கில் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடித்து, மனிதன் வேறு இனம் என்பதற்காக 10-ஆலும், மனிதர்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுவதற்காக இன்னொரு 10-ஆலும் வகுப்பது நெடுநாள் வழக்கம். அந்த இரண்டாவது 10 போதுமா என்பதை எலியிடம் கேட்க வழியே இல்லை. அமெரிக்க ஆராய்ச்சிக் குழு ஒன்று 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உலகின் பல மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தச் செல்களில் 179 வேதிப்பொருட்களைச் சோதித்தார்கள். சுமார் பாதிப் பொருட்களில், எளிதில் பாதிக்கப்படும் 1 சதவீதத்தினருக்கும் நடுத்தரமானவருக்கும் உள்ள இடைவெளி 3 மடங்குக்குள் அடங்கியது. சில பொருட்களில் அது 10 மடங்கையும் தாண்டியது.